இன்மை அறிக்கை

செப்டம்பர் 9, ஞாயிறு

இந்த நோட்டை மங்கை வாங்கிக் கொடுத்தாள். "ஒரு நாளைக்கு நாப்பது தடவ 'என்ன எழுதுற, என்ன எழுதுற'ன்னு கேக்குறதுக்கு, நீங்களே ஏதாச்சும் எழுதுங்க" என்றாள். முப்பத்தாறு வருடம் அடுத்தவர் விஷயத்தையே எழுதிப் பழகிய கை இது. சொந்த விஷயம் எழுதச் சொன்னால் 'பொருள்' என்று போட்டுவிட்டு அப்படியே நிற்கிறது.

ஆகவே முறைப்படியே போகலாம். எழுதுபவர்: கு. கலியமூர்த்தி, துணை வட்டாட்சியர், ஜூன் மாதம் ஓய்வு. இடம்: தென் சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விருந்தினர் குடியிருப்பு, நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. வந்த காரணம்: மனைவி. மங்கை, முழுப் பெயர் மங்கையர்க்கரசி, ஊரில் ஒரு கல்லூரியில் பொது நிர்வாகவியல் பேராசிரியர். இந்தப் பாடம் சீனாவில் எப்படி வந்தது, எப்படிக் காணாமல் போனது, எப்படித் திரும்பி வந்தது என்று நம் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு புத்தகம் எழுதுகிறாள். நான்கு மாதத் தங்கல். அவள் எழுத்து, நான் சமையல்.

நிர்வாகத்தைப் படித்தவள் அவள், செய்தவன் நான். இருபத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டில் நடக்கும் சண்டையெல்லாம் இதில்தான் போய் முடியும்.

செப்டம்பர் 12, புதன்

சந்தைக்குப் போனேன். இஞ்சி இத்தனூண்டு போதும் என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன். கடைக்கார அம்மாள் சந்தோஷமாக எட்டுக் கிழங்கு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், பையில் போட்டுக் கட்டிவிட்டார். இந்த ஊரில் அந்த இரண்டு விரலுக்கு எட்டு என்று கணக்காம். திருப்பிக் கொடுக்க எந்த விரலைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இஞ்சித் துவையல், இஞ்சி ரசம், இஞ்சி டீ. "இன்னும் ஒரு மாசத்துக்குப் பித்தம் நம்ம பக்கமே வராது" என்றாள் மங்கை.

செப்டம்பர் 17, திங்கள்

துறைத் தலைவர் பேராசிரியர் லியாங் வீட்டுக்கு வந்தார். எங்களைவிட நான்கைந்து வயது இளையவர், கட்டையாக வெட்டிய முடி, எதற்கும் சத்தமாகச் சிரிக்கிற அம்மாள். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் எழுதி வைக்கிறேன்.

முப்பதுகளிலேயே இங்கே இதற்குப் பாடநூல் இருந்திருக்கிறது. 1952இல் பல்கலைக்கழகங்களைக் கலைத்து அடுக்கியபோது பாடத்தையே எடுத்துவிட்டார்கள், புதிய சமூகத்துக்கு இது தேவைப்படாது என்று. சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ரஷ்ய மொழி வாத்தியார் ஆனார், இன்னொருவர் நூலகத்துக்குப் போனார். 1979இல் மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தது: சில பாடங்களை நெடுங்காலம் விட்டுவிட்டோம், அவற்றைத் திரும்பப் படித்தாக வேண்டும். காய்ச்சலில் படுத்த பிள்ளை எழுந்து வந்து, விட்ட பாடத்தை எழுதுகிற மாதிரி என்று லியாங் விளக்கினார்.

எண்பதுகளில் இவர்கள் துறை தொடங்கியபோது ஐந்து ஆசிரியர்கள். தத்துவம் படித்தவர் ஒருவர், வரலாறு ஒருவர், லியாங் ஆங்கிலம். இந்தப் பாடத்தை முறையாகப் படித்தவர் ஒருவரும் இல்லை. ஸ்டென்சில் வெட்டி உருட்டி எடுத்த தாள்தான் பாடநூல்.

"நானும் பத்து வருஷம் ஸ்டென்சில் வெட்டுனவன் மேடம்" என்றேன்.

"கையில ஒட்டின மையை எதால தொடைச்சீங்க?"

"மண்ணெண்ணெய்."

"நாங்களும்தான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மங்கை முப்பது பக்கம் குறிப்பெடுத்துப் பிடிக்க முடியாத நட்பை நான் ஒரு மண்ணெண்ணெயில் பிடித்துவிட்டேன். அதை அவளிடம் இரண்டு முறை சொன்னேன்.

செப்டம்பர் 23, ஞாயிறு

மங்கை புத்தகத்தின் முதல் பக்கத்தை எழுதிவிட்டாள். உள்ளே ஒன்றும் முடியவில்லை, சமர்ப்பணம் மட்டும் தயார். வாசித்துக் காட்டினாள்:

'நேரில் பார்க்காமல் ஒரு கோப்பிலும் கையெழுத்திடாத என் கணவருக்கு.'

எங்கள் கல்யாணப் பதிவேட்டைக்கூட நான் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கதையை இன்று வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் பிறந்த வரி இது.

"எப்படி?" என்றாள்.

"அரிசி களையணும்" என்று எழுந்து உள்ளே போனேன்.

இந்த நோட்டில் எழுதுவதற்கு என்ன. அந்த வரி உண்மையில்லை. பார்க்காமல் ஒரு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிறகு பார்த்துவிட்டு, பார்க்காதவன் போல இன்னொரு முறை. இரண்டுமே மங்கைக்குத் தெரியாது. புத்தகம் டிசம்பர் பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது.

அக்டோபர் 3, புதன்

ஊரெல்லாம் விடுமுறை. லியாங் எங்களுக்குப் பூசணிக்காய் பன் கொண்டுவந்தார், கறி கலக்காதது என்று மூன்று முறை சத்தியம் செய்தார்.

வேலையில் இருக்கும் அதிகாரிகளுக்கென்று 2001இலிருந்து இங்கே தனி முதுகலைப் பட்டம் இருக்கிறது. சனி, ஞாயிறு வகுப்பு. ஆரம்பத்தில் பாடத்துக்கு எடுத்த சம்பவங்கள் எல்லாம் மொழிபெயர்த்த அமெரிக்கச் சம்பவங்கள். எங்கோ ஒரு நகரத்தில் குப்பை வண்டிக்காரர் வேலைநிறுத்தம் என்று பாடம் நடத்துவார்களாம். கடைசி பெஞ்சில் ஒரு மாவட்ட அதிகாரி எழுந்து, "டீச்சர், அந்த ஊர் மேயர் நல்லா இருக்கட்டும். எங்க ஊருக்கு என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு லியாங் ஆரம்பித்ததுதான் சொந்தச் சம்பவங்களின் சேகரம். அதற்கு மூன்று விதி. எழுதுபவர் தான் கையாண்ட கோப்பையே எழுத வேண்டும். எங்கே சறுக்கியது என்பது அதில் இருக்க வேண்டும். வகுப்பில் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

"இந்தியாவுல இருந்து ஒண்ணுகூட இல்ல" என்று வருத்தப்பட்டார்.

"அதுக்கென்ன, இவரு தருவாரு" என்றாள் மங்கை. என்னைக் கேட்கவே இல்லை. நவம்பர் 24 என்று தேதியும் குறித்தாகிவிட்டது.

அக்டோபர் 9, செவ்வாய்

புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஒரே நாளில் முந்நூறு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாட்டைக்கூட விடவில்லை.

அக்டோபர் 11, வியாழன்

லியாங் திருப்பிக் கொடுத்தார். "ரொம்ப அருமை மிஸ்டர் மூர்த்தி. ஆனா இதுல நீங்க சறுக்கவே இல்லையே."

மங்கை பெருமையாகச் சிரித்தாள். "அதுதான் அவருகிட்ட கஷ்டம்" என்றாள்.

இஞ்சி இன்னும் மூன்று கிழங்கு இருக்கிறது.

அக்டோபர் 20, சனி

மங்கைக்கு நான்காம் அத்தியாயம் நகரவில்லை. பாடமே இல்லாத முப்பது வருடத்தைப் பற்றி என்ன எழுதுவது? '1952 முதல் 1980 வரை இத்துறையில் குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை' என்று ஒரே வரி எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க ஆபீஸ்ல இதுக்கு இன்மை அறிக்கைன்னு பேரு" என்றேன். மாதா மாதம் மேலிடத்துக்குப் போகிற அறிக்கைகள் நூறு உண்டு. சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்றாலும் சும்மா இருக்க முடியாது. கட்டத்தில் 'இன்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மங்கைக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்க் குறித்துக்கொண்டாள்.

மத்தியானம் லியாங் வந்தார். மங்கை அந்த ஒரு வரியை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அப்படி எழுதாதீங்க. அந்த முப்பது வருஷமும் ஒவ்வொரு ஊர்லயும் தெனமும் நிர்வாகம் நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஜனங்க வரிசையில நின்னாங்க. அதிகாரிங்க பட்டியல் எழுதினாங்க. அதைப் பாக்குறதுக்கு ஒரு பாடம்தான் இல்ல. யாரும் பாக்கலன்னா ஒண்ணும் நடக்கலன்னு ஆயிடுமா?"

அவர் மங்கையைப் பார்த்துத்தான் சொன்னார். நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.

அக்டோபர் 28, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மங்கை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னாள். தேய்த்துவிட்டேன். நல்ல மனநிலையில் இருந்தாள், கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 10, சனி

இன்று லியாங் வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மங்கையும் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது அதிகாரிகள், ஆளுக்கொரு வெந்நீர் பிளாஸ்க். லியாங்கின் மாணவி ஒருத்தி எங்கள் காதோரம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தெரு நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து தன் சம்பவத்தைச் சொன்னாள். பழைய கட்டடம் ஒன்றுக்கு லிஃப்ட் வைக்க எல்லா வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். தரைத்தளத்துப் பெரியவர் கதவைத் திறக்கவில்லை. இவள் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிவிட்டாள். லிஃப்ட் அவர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவருக்குக் காது கேட்காது, அதனால்தான் கதவு திறக்கவில்லை. "மூணு தடவ தட்டினேன். நாலாவது தடவ தட்டியிருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு உட்காரவில்லை. அரை மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். எனக்கு மகள் போன்ற வயது.

நவம்பர் 11, ஞாயிறு

பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டேன். மங்கையிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், லியாங்குக்கும் இதுவே போகும்.

1997. நான் வருவாய் ஆய்வாளர். என் எல்லையில் பதினான்கு கிராமம். சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத குடியிருப்புகள் எவை என்று மாவட்டத்திலிருந்து அறிக்கை கேட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள். போன வருடத்து நகலை எடுத்துப் பார்த்தேன். இன்மை. நானும் இன்மை என்று எழுதி, 'நேரில் தணிக்கை செய்யப்பட்டது' என்று கீழே போட்டு அனுப்பினேன். பதினான்கில் ஒரு ஊருக்கும் போகவில்லை.

1998 கார்த்திகையில் வெள்ளச் சேதம் பார்க்கப் பதினான்கில் ஒன்றான பாலத்தாங்குடிக்குப் போனேன். காலனித் தெருவில் ஒரு சாவு. பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். பாதை என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. நான் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதமே அதே அறிக்கையை மறுபடி கேட்டார்கள். இப்போது 'ஒன்று' என்று எழுதினால், போன வருடம் ஏன் இன்மை என்று கேட்பார்கள். விளக்கம் கேட்டு மெமோ வரும். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. இன்மை என்று எழுதினேன்.

நான் மாறிப்போன பிறகு வந்தவர்கள் என் அறிக்கையைப் பார்த்து எழுதினார்கள். தேதி மட்டும் மாறியது. 2009இல்தான் யாரோ ஒருவர் நேரில் போய்ப் பார்த்த பிறகு பாதை போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மங்கை பட்டாணித் தட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நவம்பர் 12, திங்கள்

மங்கை பேசவில்லை. இஞ்சி ரசம் வைத்தேன். சாப்பிட்டாள்.

நவம்பர் 13, செவ்வாய்

இன்றும் பேசவில்லை.

நவம்பர் 14, புதன்

நூலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"நம்ம தெருவா இருந்தா போய்ப் பாத்திருப்பீங்களா?"

பதில் அவளுக்கே தெரியும். பார்த்திருப்பேன். அன்றைக்கே போயிருப்பேன்.

"முப்பது வருஷமா கிளாஸ்ல உங்களத்தான் உதாரணமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள். அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது இதற்கு முன் மூன்று முறை. நான்காவதற்குக் காரணம் நானாகிவிட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தள்ளி உட்காரவில்லை, அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

நவம்பர் 19, திங்கள்

நான் தமிழில் எழுதியதை மங்கைதான் இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தாள். 'ஜீப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். முறைத்தாள். வரி இருக்கிறது.

நவம்பர் 24, சனி

வகுப்பில் நின்றேன். வேட்டி கட்டிக்கொண்டு போகச் சொன்னாள் மங்கை, கடைசி நேரத்தில் தைரியம் வராமல் பேண்ட் போட்டுக்கொண்டேன். லியாங் நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தார்.

மெமோ, பதவி உயர்வு எல்லாம் அவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. அந்த இடத்தில் சிலர் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். லிஃப்ட் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீர்வளத் துறையில் இருக்கும் ஒரு பெரிய உருவக்காரர் எழுந்து கேட்டார்: "அந்தப் பன்னிரண்டு வருஷத்துல அந்தத் தெருவுல இருந்து எத்தனை பேரைத் தண்ணிக்குள்ள தூக்கிட்டுப் போனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. பதினோரு பதிவேடு பராமரித்தவன் நான், இதற்கு ஒரு எண் என்னிடம் இல்லை. தெரியாது என்று சொன்னேன்.

"இப்ப அந்தப் பாதையைப் பாத்தீங்களா?" என்றாள் லிஃப்ட் பெண்.

"இல்ல. போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இப்போதும் பார்க்காமல்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாடிப்படி ஏறும்போது மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது. மங்கை என் பையை வாங்கிக்கொண்டாள். "ஊருக்குப் போனதும் மொதல்ல அங்க போவோம்" என்றாள்.

டிசம்பர் 8, சனி

நான்காம் அத்தியாயம் முடிந்தது. இருபத்தாறு பக்கம். அந்த முப்பது வருடத்தில் வேறு பாடங்களுக்குத் தூக்கி எறியப்பட்ட ஆசிரியர்கள், பூட்டி வைத்த புத்தகங்கள், பாடம் இல்லாமலே பட்டியல் எழுதிக்கொண்டிருந்த அலுவலகங்கள், எல்லாம் வந்திருக்கின்றன. 1948இல் இந்தப் பாடத்தை நடத்திய ஒருவர், எண்பதுகளில் பயிற்சி வகுப்பு தொடங்கியதும் மாணவர்களோடு முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாராம். நீங்கள் ஏன் சார் என்று கேட்டதற்கு, முப்பது வருடத்துப் பாடம் எனக்கும் பாக்கி இருக்கிறது என்றாராம். லியாங் சொன்னது. அத்தியாயத்தின் தலைப்பு 'இன்மை அறிக்கை'. என் அலுவலகச் சொல் சீனத்துச் சரித்திரத்தில் ஏறிவிட்டது.

டிசம்பர் 14, வெள்ளி

நாளை அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தை மாற்றிவிட்டாள். தாளை என் முன்னால் வைத்து, "போடலாமா?" என்று கேட்டாள்.

'பாலத்தாங்குடி காலனித் தெருவுக்கு.
1997 முதல் 2009 வரை இன்மை என்று எழுதப்பட்டவர்களுக்கு.'

முழுக்கப் படித்தேன். இரண்டு வரிதான், ஆனாலும் முழுக்கப் படித்தேன்.

"போடு" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "என் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

"இருக்கு. கடைசியில, நன்றியுரையில. இஞ்சி ரசத்துக்கு."

வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. இவளைக் கட்டிக்கொண்டது என் சர்வீஸில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு, அதையும் பெண் பார்க்க நேரில் போய்ப் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஜனவரி 6, ஞாயிறு

ஊர் வந்து சேர்ந்தோம். லியாங் வழியனுப்ப விமான நிலையம் வரை வந்திருந்தார். கட்டிப்பிடித்து மங்கையிடம் என்னவோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "அடுத்த வருஷம் சம்பவத்தோட இரண்டாம் பகுதி வேணுமாம்" என்றாள்.

ஜனவரி 10, வியாழன்

காலை ஏழே முக்கால் மணிக்குப் பாலத்தாங்குடி. காலனித் தெருவின் கிழக்குக் கோடியிலிருந்து பாதை தொடங்குகிறது. அளவு நாடாவின் ஒரு முனையை மங்கை பிடித்துக்கொண்டாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. "முப்பது வருஷம் இந்த வேலையப் பத்தி பாடம் எடுத்தேன், இப்பதான் செய்யறேன்" என்றாள். நாடா பிடிக்கத் தெரியவில்லை, தொய்யவிட்டாள். திட்டினேன்.

பாதிப் பாதையில் ஒரு அம்மாள் வந்து நின்றார். பெயர் வேம்பு, அறுபது இருக்கும்.

"யாருங்க? எதுக்கு அளக்குறீங்க? பாதையப் புடுங்கப் போறீங்களா?"

சொன்னேன். யார், எந்த வருடம், என்ன எழுதினேன், எத்தனை முறை எழுதினேன், எல்லாவற்றையும். அந்த அம்மாள் கடைசி வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்க வூட்டுக்காரர ரெண்டாயிரத்து அஞ்சுல கொண்டு போனோம். ஐப்பசி மாசம். எம் மவன் தண்ணியில விழுந்து எந்திரிச்சு, விழுந்து எந்திரிச்சுப் போனான். கொள்ளிச் சட்டி ரெண்டு தடவ அணைஞ்சு போச்சு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நாடாவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"எழுதுறதா இருந்தா இதயும் எழுதிக்குங்க. இங்க லைட்டு இல்ல. பொழுது சாஞ்சு எடுத்தா டார்ச் அடிச்சுக்கிட்டுதான் போறோம். பாம்பு கெடக்கு."

"எத்தனை கம்பம் வேணும்?"

"நீங்கதான பாக்க வந்திருக்கீங்க. பாருங்க."

மங்கை நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசி வரை நடந்தோம், வேம்பு அம்மாளும் கூட வந்தார். திரும்பும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் விளக்குக்கு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்பேன். அதற்கு அடுத்த திங்களும் போவேன்.

தணிக்கைக் குறிப்பு:
பாதை இருக்கிறது. நீளம் அறுநூற்று முப்பது அடி, அகலம் ஒன்பது அடி.
விளக்கு இல்லை. ஐந்து கம்பம் தேவை.
நேரில் பார்த்தேன்.
கு. கலியமூர்த்தி